நேரச் சொல்லை முதலில் பாருங்கள்: ப்ரசன்ட் பெர்ஃபெக்ட் பழகுவோருக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் மூன்று வருஷம் கணக்கு எழுதிய தம்பி ஒருவர், அந்த வேலையை விட்டு ஆறு மாதம் கழித்து வேறொரு கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போனார். அனுபவம் உண்டா என்று கேட்டதும், "ஐ ஹேவ் வொர்க்டு இன் எ சில்வர் வொர்க்‌ஷாப் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்று நல்ல தெளிவாகச் சொல்லியிருக்கிறார். எதிரே இருந்தவர் அடுத்து கேட்டது: "அங்கிருந்து எப்போது விடுவிப்பார்கள்? நோட்டீஸ் பீரியட் எவ்வளவு?" தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. வேலையை விட்டுவிட்டேன் சார் என்று சொன்னதும், கேட்டவர் முகம் மாறிப்போனது. விட்டதை மறைத்துப் பேசுகிறாரோ என்று ஒரு சந்தேகம்.

மறைக்கவில்லை. "ஹேவ்" என்ற ஒரு சொல்தான் கூடுதலாக வந்துவிட்டது. "ஐ வொர்க்டு இன் எ சில்வர் வொர்க்‌ஷாப் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்றால் வேலை பார்த்து முடித்தாகிவிட்டது. "ஐ ஹேவ் வொர்க்டு" என்று சொல்லிப் பின்னால் "ஃபார் த்ரீ இயர்ஸ்" சேர்த்தால், இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

அஸ்தம்பட்டியில் மாடி அறை ஒன்றில் மாலை வகுப்பு எடுக்கிறேன். ஜவுளிக்கடையில் நிற்பவர்கள், கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடுபவர்கள், ஏற்காட்டில் விடுதி வரவேற்பில் வேலை பார்த்துவிட்டு வாரம் இரண்டு நாள் பஸ் பிடித்து இறங்கி வருபவர்கள் எல்லாம் வருகிறார்கள். எல்லாரும் பள்ளியில் பன்னிரண்டு டென்ஸும் படித்தவர்கள்தான். பட்டியல் மனப்பாடமாக இருக்கும். பேச வரும்போது மட்டும், "ஹேவ்", "ஹேஸ்" போட்டுச் சொல்லும் ப்ரசன்ட் பெர்ஃபெக்ட் வழுக்கிவிடும். பட்டியலை மறுபடி படிப்பதால் இது தீராது என்பது என் அனுபவம். வாக்கியத்தில் இருக்கும் நேரச் சொல்லைப் பிடித்தால் தீரும். அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். இங்கிலீஷ் வாக்கியங்களை ஒலிக்கிற மாதிரியே தமிழ் எழுத்தில் தருகிறேன். கண்ணால் படித்துவிட்டுப் போகாமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

முதலில் வினைச்சொல்

ஹேவ் அல்லது ஹேஸ், அதன் பின்னால் வினையின் மூன்றாவது வடிவம். ஹீ, ஷீ, இட் வந்தாலும், ஒரே ஆளின் அல்லது ஒரே பொருளின் பெயர் வந்தாலும் ஹேஸ். மற்ற எல்லாவற்றுக்கும் ஹேவ். மூன்றாவது வடிவத்தில் தடுக்கிவிடும் சொற்கள் கொஞ்சம்தான்: கோ, வென்ட், கான். ஸீ, ஸா, ஸீன். ஈட், ஏட், ஈட்டன். கம், கேம், கம். "ஐ ஹேவ் வென்ட்", "ஐ ஹேவ் ஸா" என்று வாயில் வந்தால் அங்கேயே நிறுத்தித் திருத்திக்கொள்ளுங்கள். இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

தமிழ் எங்கே இழுக்கிறது

"நான் ஏற்காடு போயிருக்கேன்." இது அப்படியே ப்ரசன்ட் பெர்ஃபெக்ட்தான்: "ஐ ஹேவ் பீன் டு ஏற்காடு." நம் "இருக்கேன்" அங்கே "ஹேவ்" ஆகிறது. இதுவரை சிக்கல் இல்லை.

ஆனால் தமிழில் "போன வருஷம் ஏற்காடு போயிருக்கேன்" என்றும் சொல்கிறோம். காதுக்கு உறுத்துவதில்லை. நம் "இருக்கேன்" எந்த நேரச் சொல்லோடும் ஒட்டும். இங்கிலீஷின் "ஹேவ்" ஒட்டாது. "ஐ ஹேவ் பீன் டு ஏற்காடு லாஸ்ட் இயர்" என்றால் தவறு. "ஐ வென்ட் டு ஏற்காடு லாஸ்ட் இயர்" என்றுதான் சொல்ல வேண்டும்.

நம் ஆட்களின் தவறுகளில் பாதி இந்த ஒரு இடத்திலிருந்து வருகிறது. மீதிப் பாதி நேர் எதிரான இடத்திலிருந்து வருகிறது: "ரெண்டு வருஷமா இங்க வேலை பாக்குறேன்" என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்வதை, இங்கிலீஷ் பெர்ஃபெக்டில் சொல்லும். அதற்கும் வருகிறேன்.

முடிந்த நேரமா என்று பாருங்கள்

வாக்கியத்தைத் தொடங்கும் முன், நீங்கள் சொல்லப்போகும் நேரம் முடிந்துவிட்டதா என்று ஒரு நொடி யோசியுங்கள். நேற்று, போன வாரம், போன தீபாவளி, 2019-இல், பத்து நிமிஷம் முன்னாடி, சின்ன வயசில், அன்னைக்கு: இவையெல்லாம் முடிந்த நேரங்கள். யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019, டென் மினிட்ஸ் அகோ. இவற்றில் ஒன்று வாக்கியத்தில் இருந்தால் "ஹேவ்" வரக்கூடாது, சாதாரண இறந்தகாலம்தான். வினைச்சொல் எதுவாக இருந்தாலும் இதுதான்.

"எப்போது" என்று கேட்பதும் இதே கணக்கில் சேரும். கேள்வி ஒரு குறிப்பிட்ட நேரத்தைக் கேட்கிறது, அதனால் "வென் டிட் யூ கம்?" என்றுதான் கேட்க வேண்டும். "வென் ஹேவ் யூ கம்?" என்று கேட்பது நம் பக்கம் அடிக்கடி காதில் விழும், அதை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. "நேத்து வந்திருந்தேன்" என்பதை "ஐ ஹேட் கம் யெஸ்டர்டே" என்று பலர் சொல்வார்கள். "ஹேட்" வேண்டுமென்றால், அதற்குப் பிறகு நடந்த வேறொன்று பேச்சில் இருக்க வேண்டும். "நான் போவதற்குள் பஸ் கிளம்பிவிட்டிருந்தது" என்பது மாதிரி. சும்மா நேற்று வந்ததைச் சொல்ல "ஐ கேம் யெஸ்டர்டே" போதும்.

ஊர்ச் செய்திகளை வைத்து இதைப் பழகலாம். மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது. "மேட்டூர் டேம் வாஸ் கம்ப்ளீட்டட் இன் 1934." வருஷம் வந்துவிட்டது, ஆகவே இறந்தகாலம். அணை இன்றும் நிற்கிறதே, அதைச் சொல்ல? "இட் ஹேஸ் ஸ்டுட் தேர் ஃபார் மோர் தேன் நைன்ட்டி இயர்ஸ்." சேலம் 1994-இல் மாநகராட்சி ஆனது: "சேலம் பிகேம் எ கார்ப்பரேஷன் இன் 1994." அதே செய்தியை இன்றைய நிலையாகச் சொன்னால், "சேலம் ஹேஸ் பீன் எ கார்ப்பரேஷன் சின்ஸ் 1994." நாமக்கல் 1997-இல் தனி மாவட்டமானதையும் இப்படி இரண்டு விதமாகச் சொல்லிப் பாருங்கள். ஒரே உண்மையை இப்படி மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகுவதுதான் எனக்குத் தெரிந்து நல்ல பயிற்சி.

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு நிற்கிறதே, அதை வகுப்பில் எப்போதும் உதாரணம் காட்டுவேன். டி.ஆர்.சுந்தரம் 1935-இல் தொடங்கிய சினிமா கம்பெனி. நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. இதை இங்கிலீஷில் சொல்லச் சொன்னால், "மாடர்ன் தியேட்டர்ஸ் ஹேஸ் மேட் மோர் தேன் எ ஹண்ட்ரட் ஃபிலிம்ஸ்" என்பார்கள். வாக்கியத்தில் நேரச் சொல் எதுவும் இல்லை, ஆனாலும் தவறு. அந்த ஸ்டூடியோ இன்று இல்லை, இனிமேல் படம் எடுக்கப் போவதில்லை. "மாடர்ன் தியேட்டர்ஸ் மேட் மோர் தேன் எ ஹண்ட்ரட் ஃபிலிம்ஸ்" என்பதே சரி. இறந்துபோன மனிதர்களுக்கும் இப்படித்தான். ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தார், நகராட்சித் தலைவராகவும் இருந்தார். "ராஜாஜி லிவ்டு இன் சேலம்" என்று சொல்லலாம். "ஹேஸ் லிவ்டு" என்றால் ஆள் இன்றும் உயிரோடு இருக்கிறார் என்று பொருள் வந்துவிடும்.

"ஆ" வந்தால் ஃபார், "லிருந்து" வந்தால் சின்ஸ்

இது நான் கூட்டிச் சேர்த்த விதி இல்லை. தமிழே நம் கையில் வைத்திருப்பது. எதைச் சொல்லப்போனாலும் முதலில் தமிழில் நினைத்துப் பாருங்கள்.

ரெண்டு வருஷமா, மூணு நாளா, ரொம்ப நேரமா, கொஞ்ச நாளா: நேரச் சொல்லின் கடைசியில் "ஆ" ஒலிக்கிறது. எவ்வளவு காலம் என்று அளந்து சொல்கிறோம். அங்கே "ஃபார்". ஃபார் டூ இயர்ஸ், ஃபார் த்ரீ டேஸ், ஃபார் எ லாங் டைம்.

2019-லிருந்து, திங்கக்கிழமையிலிருந்து, சின்ன வயசிலிருந்து, வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து: இவற்றில் தொடங்கிய இடத்தைச் சொல்கிறோம். அங்கே "சின்ஸ்". சின்ஸ் 2019, சின்ஸ் மண்டே, சின்ஸ் சைல்ட்ஹுட், சின்ஸ் ஐ ஜாயின்டு. கடைசியில் வந்ததைக் கவனியுங்கள். "சின்ஸ்"க்குப் பின்னால் ஒரு சம்பவம் வந்தால் அது சாதாரண இறந்தகாலத்தில் இருக்கும், முதன்மை வினைதான் பெர்ஃபெக்ட்: "ஐ ஹேவ் லேர்ன்ட் எ லாட் சின்ஸ் ஐ ஜாயின்டு."

"சின்ஸ் டூ இயர்ஸ்", "சின்ஸ் மெனி டேஸ்" என்பதெல்லாம் நம்மிடையே சர்வசாதாரணம். "ரெண்டு வருஷத்திலிருந்து", "நிறைய நாளிலிருந்து" என்று தமிழில் பேசுவோமா? மாட்டோம். இங்கிலீஷிலும் வேண்டாம். "லிருந்து" என்றதும் சிலருக்கு "ஃப்ரம்" நினைவு வரும். "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃப்ரம் 2019" என்பார்கள். அன்று தொடங்கி இன்றும் தொடர்வதற்கு "சின்ஸ்" போடுங்கள். "ஃப்ரம்"மை நாளையிலிருந்து, அடுத்த வாரத்திலிருந்து என்று வரப்போகும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: "ஐ ஆம் ஆன் லீவ் ஃப்ரம் டுமாரோ."

காலையிலிருந்து என்பதை இங்கே எல்லாரும் "சின்ஸ் மார்னிங்" என்கிறோம். நம் நாட்டுக்குள் யாருக்கும் புரியாமல் போகாது. வெளிநாட்டவரிடம் பேசும்போது "சின்ஸ் திஸ் மார்னிங்" என்று சொல்லுங்கள், அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

இப்போது மீதிப் பாதித் தவறுக்கு வருவோம். தமிழில் "ரெண்டு வருஷமா இங்க இருக்கேன்." வினை நிகழ்காலம். அதனால் "ஐ ஆம் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்" என்று வருகிறது. ஒரு வாக்கியத்தில் இரண்டு தவறு. "ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்" என்று மாற்றுங்கள். "அவரை எனக்குப் பத்து வருஷமா தெரியும்" என்பதும் இதே: "ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்." "ஐ நோ ஹிம் ஃபார் டென் இயர்ஸ்" இல்லை. "ஆ"வோ "லிருந்து"வோ வந்து, விஷயம் இன்றும் தொடர்கிறது என்றால், தமிழ் வினை எப்படி இருந்தாலும் இங்கிலீஷில் "ஹேவ்" வரும்.

வேலை செய்வது, படிப்பது, காத்திருப்பது மாதிரித் தொடர்ந்து நடப்பவற்றுக்கு "பீன்" சேர்த்து "இங்" போடலாம்: "ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் ஹாஃப் அன் அவர்." இரு, தெரி, சொந்தமாக வைத்திரு மாதிரி நிலையைக் காட்டும் சொற்களுக்கு அந்த "இங்" சேராது. "ஹேவ் பீன் நோயிங்" என்று யாரும் சொல்வதில்லை.

விட்டுவிட்ட வேலை என்றால் "ஃபார் த்ரீ இயர்ஸ்" அப்படியே நிற்கும், "ஹேவ்" போய்விடும். கொலுசுப் பட்டறைத் தம்பிக்கு அன்று வேண்டியிருந்தது இந்தச் சின்ன மாற்றம்தான். நேர்காணலுக்குப் போகிறவர்கள் உங்கள் பழைய வேலை ஒவ்வொன்றையும் இப்படி எழுதிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இன்னும் முடியாத நேரம்

இன்று, இந்த வாரம், இந்த மாதம், இந்த வருஷம் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் நேரங்கள். "ஐ ஹேவ் ட்ரங்க் த்ரீ காஃபீஸ் டுடே." நாள் முடியவில்லை, நாலாவது காபிக்கும் இடமிருக்கிறது. "திஸ் மார்னிங்" கொஞ்சம் ஏமாற்றும். காலை பத்து மணிக்குக் கேட்டால் "ஹேவ் யூ ஈட்டன் திஸ் மார்னிங்?" மாலை ஆறு மணிக்கு அதையே கேட்டால் காலை முடிந்துபோயிற்று: "டிட் யூ ஈட் திஸ் மார்னிங்?" சொல் ஒன்றுதான், கடிகாரம் வேறு.

போன வாரம் என்றால் "லாஸ்ட் வீக்", முடிந்த நேரம். கடந்த ஒரு வாரமா என்றால் "இன் த லாஸ்ட் வீக்", இன்று வரை வருகிறது, அதற்கு "ஹேவ்". முன்னால் ஒரு "இன் த" வந்ததும் எல்லாம் மாறிவிடுகிறது. இங்கேயும் தமிழில் "ஆ" வந்து காட்டிக்கொடுக்கிறது, பாருங்கள்.

விடுதி மேசையில் கேட்கும் சின்னச் சொற்கள்

ஏற்காட்டில் வரவேற்பு மேசையில் நிற்கும் பெண் ஒருவர் என் வகுப்புக்கு வருகிறார். அவர் ஒரு நாளில் பேசும் இங்கிலீஷில் பெரும்பகுதி இந்தச் சொற்கள்தான்.

இப்பதான், ஜஸ்ட்: "யுவர் கேப் ஹேஸ் ஜஸ்ட் கம், சார்." ஏற்கெனவே, ஆல்ரெடி: "தே ஹேவ் ஆல்ரெடி பெய்டு." இரண்டும் "ஹேவ்"க்கும் வினைக்கும் நடுவில் உட்காரும். இன்னும் இல்லை என்றால் யெட், அது வாக்கியத்தின் கடைசிக்குப் போகும்: "த ரூம் ஹேஸ் நாட் பீன் க்ளீன்ட் யெட்." ஆச்சா என்று கேட்பதற்கும் அதுவே: "ஹேவ் யூ செக்ட் அவுட் யெட்?" எப்பவாவது என்றால் எவர், போனதே இல்லை என்றால் நெவர்: "ஹேவ் யூ எவர் ஈட்டன் தட்டுவடை செட்?" "நோ, ஐ ஹேவ் நெவர் ஈட்டன் இட்." இதுவரைக்கும் என்பது ஸோ ஃபார். சமீபத்தில் என்பது ரீசன்ட்லி. அமெரிக்கர்கள் "ஐ ஆல்ரெடி ஏட்", "ஐ ஜஸ்ட் ஏட்" என்று "ஹேவ்" இல்லாமல் பேசுவார்கள். அவர்கள் வழக்கில் அது சரிதான். நாம் பள்ளியில் படித்தது பிரிட்டிஷ் வழி, "ஹேவ்" போட்டே பழகலாம்.

"முதல் தடவை வர்றோம்" என்று விருந்தாளி சொல்வதை இங்கிலீஷில் "திஸ் இஸ் த ஃபர்ஸ்ட் டைம் வீ ஹேவ் கம்" என்பார்கள். நாம் "வீ ஆர் கமிங் ஃபர்ஸ்ட் டைம்" என்று சொல்லிவிடுகிறோம்.

அந்தப் பெண் ஒரு நாள் மனசு சரியில்லாமல் வந்தார். விருந்தாளி இருவர் பகோடா பாயின்ட் பார்க்கக் கிளம்பிப் போயிருக்கிறார்கள். அவர்களுடைய நண்பர்கள் வந்து, எங்கே என்று கேட்டதற்கு, "தே ஹேவ் பீன் டு பகோடா பாயின்ட்" என்று சொல்லிவிட்டார். வந்தவர்கள், போய்த் திரும்பிவிட்டார்கள் என்று புரிந்துகொண்டு மாடியேறி அறைக் கதவைத் தட்டி, வெகு நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்து அவரிடம் சத்தம் போட்டிருக்கிறார்கள்.

தமிழில் "போயிருக்காங்க" என்ற ஒரே சொல் இரண்டுக்கும் நிற்கும். இங்கிலீஷில் பிரிய வேண்டும். போனவர் இன்னும் வரவில்லை என்றால் "தே ஹேவ் கான் டு பகோடா பாயின்ட்." போய் வந்தாயிற்று, பார்த்த அனுபவம் இருக்கிறது என்றால் "தே ஹேவ் பீன் டு பகோடா பாயின்ட்." "ஐ ஹேவ் கான் டு ஊட்டி" என்று ஒருவர் உங்கள் எதிரில் நின்று சொன்னால் கணக்கு உதைக்கும். அவர் ஊட்டியில் இல்லை, இங்கே நிற்கிறாரே! "ஐ ஹேவ் பீன் டு ஊட்டி" என்றுதான் அவர் சொல்ல வேண்டும்.

பேச்சில் இரண்டும் மாறி மாறி வரும்

உண்மையான உரையாடலில் பெர்ஃபெக்ட் கதவைத் தட்டும், உள்ளே போனதும் இறந்தகாலம் பேசும். பஸ் ஸ்டாண்டில் ஒரு வெளியூர்க்காரர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஹேஸ் த ஏற்காடு பஸ் லெஃப்ட்?"
"யெஸ், இட் ஹேஸ்."
"வென் டிட் இட் லீவ்?"
"இட் லெஃப்ட் டென் மினிட்ஸ் அகோ."

முதல் கேள்விக்கு நேரம் முக்கியமில்லை, பஸ் இருக்கிறதா இல்லையா என்பதே கவலை. எப்போது என்று கேட்டதும் "டிட்" வந்துவிட்டது. பதிலில் "அகோ" வந்ததால் "லெஃப்ட்" மட்டும். நேர்காணலிலும் இதே ஓட்டம்தான். "ஹேவ் யூ எவர் யூஸ்டு டாலி?" என்று, கணக்கு எழுதும் மென்பொருளைப் பற்றித் தொடங்குவார்கள். "யெஸ், ஐ ஹேவ். ஐ யூஸ்டு இட் இன் மை லாஸ்ட் ஜாப்" என்று இறங்கிவிடுங்கள். "யெஸ், ஐ ஹேவ் யூஸ்டு இட் இன் 2022" என்று முதல் கேள்வியின் "ஹேவ்"வை இழுத்துக்கொண்டே போகாதீர்கள். தெரிந்தவர்களும் தவறுவது இந்த இடத்தில்தான்.

மலையேறும்போது செய்யும் பயிற்சி

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் பலகை இருக்கும். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால், வளைவுக்கு ஒரு வாக்கியம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போங்கள். ஏழாவது வளைவில்: "வீ ஹேவ் க்ராஸ்டு செவன் பென்ட்ஸ் ஸோ ஃபார்." "வீ ஹேவ் நாட் ரீச்டு ஏற்காடு யெட்." "வீ க்ராஸ்டு த சிக்ஸ்த் பென்ட் எ மினிட் அகோ." "ஐ ஹேவ் பீன் ஆன் திஸ் பஸ் ஃபார் ஹாஃப் அன் அவர்." நடுவில் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களும் காபித் தோட்டமும் வரும். இந்த மலையில் காபி பயிராகத் தொடங்கி ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆகிறது: "பீப்பிள் ஹேவ் க்ரோன் காஃபி ஹியர் ஃபார் அபவுட் டூ ஹண்ட்ரட் இயர்ஸ்." மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-இல் தொடங்கியது, அதை "சின்ஸ்" வைத்தும் "இன்" வைத்தும் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

ஏரிக்கரையில் இறங்கியதும் அந்தப் பயணம் முடிந்துவிட்டது. பக்கத்தில் இருப்பவர் எத்தனை வளைவு என்று கேட்டால், இப்போது "ஹேவ்" வேண்டாம்: "வீ க்ராஸ்டு ட்வென்ட்டி பென்ட்ஸ்." சாயங்காலம் இறங்கும் பஸ்ஸில் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.